ஸ்டேடியம் ஹவுஸ்ஃபுல், கடன் யார் தலையில? ஹார்ட்ஃபோர்டு நகரத்தின் பேஸ்பால் கணக்கு



போன ஜூலைல அமெரிக்கா போயிருந்தப்ப, கனெக்டிகட் மாநிலத்துல இருக்கிற என் ஆர்டிகல்ஷிப் காலத்து நண்பன் வீட்டுல நாலு நாள் தங்கினேன். ஆள் சி.ஏ. இன்டரோட நிறுத்திட்டு ஐ.டி. பக்கம் போனவன். இப்ப ஹார்ட்ஃபோர்டு நகரத்துல ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறான். ஒரு நாள் சாயங்காலம் குடும்பத்தோட பேஸ்பால் மேட்சுக்குக் கூட்டிட்டுப் போனான்.

ஆறாயிரம் பேர் உட்காரக்கூடிய சின்ன ஸ்டேடியம். டவுன்டவுன் ஓரத்துல, ஐ-84 ஹைவேக்கு வடக்குப் பக்கம். பேரு டங்கின் பார்க், டோனட் விக்கிற அதே டங்கின்தான். டீம் பேரு யார்டு கோட்ஸ். ரயில்வே யார்டுல பெட்டிகளை அங்கயும் இங்கயும் இழுத்துக் கோக்கிற சின்ன இன்ஜினுக்கு ரயில்வேக்காரங்க வெச்ச பட்டப்பேராம். சீட் ஒண்ணு காலியில்ல. குழந்தைங்க, தாத்தா பாட்டி, ஆபீஸ் கும்பல்னு திருவிழாக் கூட்டம். 2019-லேர்ந்து அங்க வேர்க்கடலை விக்கறதில்ல, அலர்ஜி இருக்கிற குழந்தைங்களும் பயமில்லாம வரணும்னு. அந்த விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது.

“எப்படி மாப்ள, சூப்பரா இருக்குல்ல? சிட்டியே கட்டிக் குடுத்தது”னான்.

“உன் வரிப் பணமா?”

“இல்லடா. நான் இருக்கிறது ராக்கி ஹில். அது வேற டவுன், வேற வரி. இது ஹார்ட்ஃபோர்டுக்காரங்க காசு.”

சொல்லிட்டு ஹாட்டாக் வாங்கப் போயிட்டான். அதுக்கப்புறம் எனக்கு மேட்ச்ல கவனம் போகல. (பேஸ்பால் ரூல்ஸும் புரியல, அது வேற விஷயம்.)

ஊருக்கு வந்ததும் இந்த ஸ்டேடியத்தோட கணக்கைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். ஜாமீன் கையெழுத்து பத்தி நம்ம சேனல்ல வீடியோ போட்டப்ப, “ஒரு நிஜ உதாரணம் வெச்சு எழுதுங்க”னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கல. அடுத்தவங்க பிசினஸுக்காக ஒரு நகரமே கடன் வாங்கின கதை இது. கூட்டம் வரலையா, அதனால நஷ்டமான்னு கேட்டா அதுவும் இல்ல. கூட்டம் வந்தது. அதனாலதான் இந்தக் கணக்கு சுவாரஸ்யமா இருக்கு.

மைனர் லீக்: சம்பளம் குடுக்காத முதலாளி

முதல்ல அந்த பிசினஸ் எப்படி ஓடுதுன்னு புரிஞ்சுக்கணும். அமெரிக்காவுல மேஜர் லீக் பேஸ்பால்ல 30 டீம். ஒவ்வொரு பெரிய டீமுக்கும் கீழ, இளம் வீரர்களைத் தயார் பண்ற சின்ன டீம்கள் உண்டு. அதுதான் மைனர் லீக். ஹார்ட்ஃபோர்டு யார்டு கோட்ஸ் ‘டபுள் ஏ’ன்னு சொல்ற நடுத்தர நிலையில இருக்கு. அவங்களோட தாய் டீம் டென்வர்ல இருக்கிற கொலராடோ ராக்கீஸ்.

இப்ப ஒரு ஆடிட்டரா எனக்குக் கண்ணுல பட்ட விஷயம்: வீரர்களுக்கும் கோச்சுக்கும் சம்பளம் குடுக்கிறது தாய் டீம். சின்ன டீமோட முதலாளி டிக்கெட் விக்கிறார், பீர் விக்கிறார், விளம்பரப் பலகை விக்கிறார். விளையாட்டு பிசினஸ்ல மிகப் பெரிய செலவு வீரர் சம்பளம். அது இவர் தலையில இல்ல. அடுத்த பெரிய செலவு மைதானம். அதையும் ஊர் கட்டிக் குடுத்துட்டா?

அதுக்காகத்தான் மைனர் லீக் டீம்கள் ஒரு ஊர்லேர்ந்து இன்னொரு ஊருக்குப் பெட்டி கட்டிட்டே இருக்கும். “புது ஸ்டேடியம் கட்டிக் குடுங்க, இல்லன்னா பக்கத்து ஊர் கூப்பிடுது”ங்கிறது அந்தத் தொழில்ல வழக்கமான பேச்சு. 2020-ல் மேஜர் லீக் தன் கீழ இருந்த டீம்களை 160-லேர்ந்து 120-ஆ குறைச்சதுக்கப்புறம் அந்த பயம் இன்னும் கூடிடுச்சு. வசதி பத்தலைன்னா டீமே இல்லாம போயிடலாம்.

15 கிலோமீட்டர் தள்ளி நடந்த குடிபெயர்வு

2015 வரைக்கும் இந்த டீம் நியூ பிரிட்டன்ங்கிற ஊர்ல ‘ராக் கேட்ஸ்’ங்கிற பேர்ல ஆடிட்டிருந்தது. ஹார்ட்ஃபோர்டுலேர்ந்து சுமார் 15 கிலோமீட்டர்தான். நம்ம கணக்குல தாம்பரத்துலேர்ந்து கிண்டி. நியூ பிரிட்டன்ல 1996-ல் திறந்த ஸ்டேடியம் நல்லாத்தான் இருந்தது. அந்த ஊர்க்காரங்களுக்கு விஷயம் தெரியறதுக்கு முன்னாடியே பேச்சுவார்த்தை முடிஞ்சிடுச்சு. 2014 ஜூன்ல அன்றைய ஹார்ட்ஃபோர்டு மேயர் பெட்ரோ செகாரா, டீம் இங்க வருது, 6 கோடி டாலர்ல நகரமே ஸ்டேடியம் கட்டுதுன்னு அறிவிச்சார்.

ஹார்ட்ஃபோர்டு எப்பேர்ப்பட்ட நிலைமையில இதை அறிவிச்சதுன்னு பாருங்க. கனெக்டிகட்டோட தலைநகரம். மக்கள்தொகை சுமார் 1.2 லட்சம். அமெரிக்க இன்ஷூரன்ஸ் தொழிலோட தலைநகரம்னும் பேர். ஆனா ஊர்ல பாதிக்கு மேல சொத்துக்கு வரியே கிடையாது. அரசாங்கக் கட்டடம், ஆஸ்பத்திரி, கல்லூரி, சர்ச். மிச்சம் இருக்கிற பாதி மேலதான் மொத்தச் சுமையும். அதனால சொத்து வரி விகிதம் மாநிலத்துலயே அதிகம்: 74.29 மில்.

‘மில்’னா என்னன்னு சொல்லிடறேன். மதிப்பிட்ட சொத்தோட ஒவ்வொரு 1,000 டாலருக்கும் எத்தனை டாலர் வரிங்கிறதுதான். கடை, ஆபீஸ் மாதிரி கட்டடங்களுக்கு சந்தை மதிப்புல 70 சதவீதத்தை வரிக்கு எடுத்துப்பாங்க. 5 லட்சம் டாலர் மதிப்புள்ள கடைன்னா வரிக்குரிய மதிப்பு 3.5 லட்சம், அதுல 74.29 மில் போட்டா வருஷம் 26,000 டாலர். கடையோட விலையில 5 சதவீதத்துக்கு மேல, ஒவ்வொரு வருஷமும். 20 வருஷத்துல கடையை இன்னொரு தடவை வாங்கின மாதிரி. இப்படி ஒரு ஊர்ல யார் புதுசா கடை போடுவா?

அதுக்குத்தான் ஸ்டேடியம்னாங்க. ஹைவே போட்டப்போ டவுன்டவுனும் வடக்குப் பகுதியும் ரெண்டா வெட்டுப்பட்டுப் போச்சு. வடக்குல பெரும்பாலும் கறுப்பின, ஏழை மக்கள். நடுவுல பொட்டலா பார்க்கிங் நிலம். அங்க ஸ்டேடியம் வந்தா சுத்தி அபார்ட்மென்ட் வரும், கடை வரும், சூப்பர்மார்க்கெட் வரும், அதுலேர்ந்து வர்ற சொத்து வரியில கடனை அடைச்சுடலாம். வடக்குப் பகுதி மக்களுக்கு நல்ல காய்கறிக் கடைகூடப் பக்கத்துல இல்லைங்கிறதால சூப்பர்மார்க்கெட்ங்கிற வார்த்தைக்கு அங்க பெரிய மதிப்பு.

ஐடியா தப்புன்னு நான் சொல்லல. கேட்கும்போது எனக்கே நல்லாத்தான் தோணுது. ஆனா இதுல ரெண்டு பகுதி இருக்கு. ஸ்டேடியம் கட்டறது நகரம் கையில. அதைச் சுத்தி அபார்ட்மென்ட் வர்றது அடுத்தவன் கையில. கடன் வட்டி மட்டும் ரெண்டாவதுக்காகக் காத்துட்டு இருக்காது.

எக்செல்ல போட்டுப் பார்த்தேன்

நகரம் ஸ்டேடியத்துக்காகத் தனியா ஒரு அமைப்பை உருவாக்கி, அது மூலமா 2015-ல் பாண்டு வெளியிட்டது. அந்த அமைப்புக்கு வருஷா வருஷம் பணம் கட்டுறது நகரத்தோட பட்ஜெட். புரியற மாதிரி சொல்லணும்னா, மனைவி பேர்ல லோன், கணவன் அக்கவுன்ட்லேர்ந்து ஈ.எம்.ஐ.

கீழ இருக்கிறது நான் தோராயமா போட்ட கணக்கு, நகரத்தோட அசல் அட்டவணை கிடையாது. 6 கோடி டாலர், 25 வருஷம், 4 சதவீத வட்டின்னு எடுத்துக்குவோம். வருஷத்துக்குக் கட்ட வேண்டியது சுமார் 38.4 லட்சம் டாலர். டீம் குடுக்கிற வாடகை? 2014-ல் அறிவிச்ச ஒப்பந்தப்படி வருஷம் 5 லட்சம் டாலர், 25 வருஷத்துக்கு.

அந்த 25 வருஷ வாடகையையும் இன்னிக்கு மதிப்புக்குக் கொண்டு வந்தா 78 லட்சம் டாலர். அதாவது கட்டடச் செலவுல 13 சதவீதம். மிச்சம் 87 சதவீதத்தை வேற எங்கிருந்தாவது கொண்டு வரணும். வருஷக் கணக்குல பார்த்தா 33.4 லட்சம் டாலர் துண்டு விழுது.

இந்தத் துண்டை சொத்து வரியில நிரப்பணும்னா சுத்தி எவ்வளவு கட்டடம் வரணும்? 74.29 மில், 70 சதவீத மதிப்பீடு. தலைகீழா போட்டா, 6.4 கோடி டாலர் மதிப்புள்ள புதுக் கட்டடங்கள் வரணும். அதுவும் ஸ்டேடியம் திறந்த முதல் வருஷமே, ஒரு பைசா வரிச் சலுகை இல்லாம. வரிச் சலுகை இல்லாம யாரும் அந்த ஊர்ல கட்ட மாட்டேங்கிறாங்கன்னுதானே இவ்வளவும் ஆரம்பிச்சது!

சரி, தினமும் ஆறாயிரம் பேர் வந்து செலவு பண்றாங்களே, அந்த வரி? இங்கதான் எனக்கு நிஜமாவே தூக்கிவாரிப் போட்டது. கனெக்டிகட்ல நகரங்களுக்குன்னு தனியா விற்பனை வரி கிடையாது. என் நண்பன் வாங்கின ஹாட்டாக் மேல போட்ட 7.35 சதவீத வரி மாநில அரசுக்குப் போச்சு. அவனோட வருமான வரியும் மாநிலத்துக்கும் மத்திய அரசுக்கும்தான். அவன் வீட்டு வரி ராக்கி ஹில்லுக்கு. ஸ்டேடியம் நகரத்துக்கே சொந்தம்கிறதால அதுமேல சொத்து வரியும் வராது. ஹார்ட்ஃபோர்டுக்குன்னு இருக்கிற ஒரே பெரிய வருமானம் சொத்து வரி. ஸ்டேடியத்துக்குள்ள எவ்வளவு கூட்டம் வந்தாலும், எத்தனை ஹாட்டாக் வித்தாலும், அந்த வருமானம் நேரடியா ஏறாது.

கடன் ஒரு லெட்ஜர்ல, வருமானம் வேறொரு லெட்ஜர்ல. கிளையன்ட் யாராவது இப்படி ஒரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைக் கொண்டு வந்திருந்தா, காபி குடுத்து, பொறுமையா பேசி, திருப்பி அனுப்பியிருப்பேன்.

ஒரு கல்யாண மண்டபக் கதை

கொஞ்சம் விலகிப் போறேன். டபுள் ஏ டீமுக்கு வருஷத்துக்கு சொந்த ஊர் மேட்ச் 70 நாள் கிட்ட. நம்ம ஊர் கல்யாண மண்டபத்துக்கு முகூர்த்த நாளும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதனாலதானோ என்னவோ, இந்தக் கணக்கைப் படிக்கும்போது எனக்கு எங்க பெரியப்பா ஞாபகம் வந்துட்டே இருந்தது.

நான் ஸ்கூல் படிக்கும்போது பெரியப்பா ஒரு கூட்டாளி கட்டின மண்டபத்துக்கு பேங்குல ஜாமீன் கையெழுத்து போட்டார். “ஊருக்கே நல்லது, மெயின் ரோட்டுல மண்டபம் வந்தா நம்ம கடைத்தெருவும் வளரும்”னு. மண்டபம் வளர்ந்தது. முகூர்த்த நாள்ல இடமே கிடைக்காது. ஆனா கட்டும்போதே மேஸ்திரி கணக்கு ஏறிடுச்சு, ஏ.சி. செலவு சேர்ந்துடுச்சு, கூட்டாளி தவணை கட்டல. பேங்க் வந்து நின்னது எங்க பெரியப்பா கடை வாசல்ல. ஆறு வருஷம் கட்டினார். எங்க பெரியம்மா அந்த மண்டபத்துல நடந்த எந்தக் கல்யாணத்துக்கும் போனதில்ல. கூப்பிட்டா, “எங்க வளையல் அந்தத் தூண்ல இருக்கு”ம்பாங்க.

மண்டபம் நல்லா ஓடினது உண்மை. பெரியப்பா நொடிச்சதும் உண்மை. ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கலாம்.

ஒரு சீசன் முழுக்க சொந்த ஊர் இல்லாத டீம்

இப்ப ஹார்ட்ஃபோர்டுக்கு வருவோம். 2016 ஏப்ரல்ல திறக்கணும். 2015 கடைசியிலேயே தெரிஞ்சு போச்சு, முடியாது, அதுக்கு மேல சுமார் 1 கோடி டாலர் கூடுதலா வேணும். அந்த வருஷத் தேர்தல்ல செகாரா தோத்து, 2016 ஜனவரியில லூக் ப்ரோனின் மேயரா வந்தார். வந்த மாசமே கையில இந்த பில். நகரம், டீம், டெவலப்பர் மூணு பேரும் பங்கு போட்டுக்கிட்டாங்க, பெரிய பங்கு நகரத்தோடது. புதுக் கெடு மே 17. அன்னிக்கும் முடியல. ஜூன்ல நகரம் டெவலப்பரை வெளிய அனுப்பிடுச்சு.

அந்த சீசன் முழுக்க யார்டு கோட்ஸ் ஒரு மேட்ச்கூட சொந்த ஊர்ல ஆடல. பேர்ல ஹார்ட்ஃபோர்டு இருக்கு, சட்டையில ஹார்ட்ஃபோர்டு இருக்கு, ஊருக்குள்ள பாதி கட்டின ஸ்டேடியம் நிக்குது, டீம் பஸ்ல ஊர் ஊரா சுத்துது.

இங்க நகரத்தைக் காப்பாத்தின ஒரு காகிதம் உண்டு: பெர்ஃபார்மன்ஸ் பாண்டு. இது முதலீட்டு பாண்டு இல்ல. கான்ட்ராக்டர் வேலையை முடிக்கலைன்னா நான் முடிச்சுத் தர்றேன்னு ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி எழுதிக் குடுக்கிற உத்தரவாதம். ஆர்ச் இன்ஷூரன்ஸ் அந்தப் பொறுப்பை எடுத்து வேற கட்டுமான நிறுவனத்தை வெச்சு முடிச்சுக் குடுத்தது. 2017 ஏப்ரல் 13 அன்னிக்கு ஸ்டேடியம் திறந்தது. மொத்தச் செலவு சுமார் 7.1 கோடி டாலர். டாலருக்கு 85 ரூபாய்னு போட்டா 600 கோடி ரூபாய். (நீங்க வீடு கட்டும்போது கான்ட்ராக்டர்கிட்ட இப்படி ஒரு உத்தரவாதம் வாங்க முடியாது. ஆனா கடைசித் தவணையைக் கையில பிடிச்சு வெக்கலாம். அதையாவது செய்ங்க.)

வழக்கு அதோட முடியல. டெவலப்பர் சொன்னது, தாமதத்துக்குக் காரணம் டிசைன் தப்பும் மாத்தி மாத்தி வந்த வரைபடமும். நகரம் சொன்னது, ஆர்க்கிடெக்ட்டோட வேலைக்கும் டெவலப்பர்தான் பொறுப்பு. 2019-ல் ஜூரி நகரத்துக்கு சாதகமா தீர்ப்பு சொல்லி 3,35,000 டாலர் நஷ்டஈடும் குடுத்தது. 2022-ல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணி, மறுபடி விசாரிங்கன்னு அனுப்பிடுச்சு. ஆர்க்கிடெக்ட் யார் கட்டுப்பாட்டுல இருந்தார்ங்கிற கேள்விக்கு ஒப்பந்தத்துல எல்லாரும் ஒத்துக்கிற மாதிரி பதில் இல்ல. பல கோடி டாலர் ஒப்பந்தத்துல, யாரோட தப்புக்கு யார் காசு குடுக்கணும்ங்கிற வரி தெளிவா இல்லை!

வழக்கு நடந்த வருஷமெல்லாம் சுத்தியிருந்த நிலங்களும் அதுல மாட்டிக்கிச்சு. எந்தக் கட்டடத்தோட வரியை நம்பி கடன் வாங்கினாங்களோ, அந்தக் கட்டடம் கட்ட வேண்டிய இடம் பார்க்கிங்காவே கிடந்தது. முதல் அபார்ட்மென்ட், 270 வீடுகள், 2022-ல்தான் திறந்தது. அதுவும் வேற ஒரு டெவலப்பர், மாநில அரசு அமைப்போட கடனுதவியோட. ஸ்டேடியம் திறந்து அஞ்சு வருஷம். என் தோராயக் கணக்குப்படி அந்த அஞ்சு வருஷத் துண்டு மட்டும் 1.67 கோடி டாலர்.

கடைசியா 2024-ல் சமரசம். நகரம் அந்தப் பழைய டெவலப்பருக்கு ஏறக்குறைய 1 கோடி டாலர் குடுத்து வழக்கை முடிச்சது. அதைச் செஞ்ச மேயர் பேர் படிச்சதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்: அருணன் அருளம்பலம். இலங்கையிலேர்ந்து போரால வெளியேறின பெற்றோருக்கு ஜிம்பாப்வேயில பிறந்தவர், 2024 ஜனவரியில ஹார்ட்ஃபோர்டு மேயர் ஆனார். பத்து வருஷத்துக்கு முன்னாடி இன்னொருத்தர் ஆரம்பிச்ச கணக்கு, அதுக்கப்புறம் வந்தவருக்கும் அடுத்து வந்தவருக்கும் பில்லா வந்துட்டே இருக்கு. வாங்கினவங்க பதவிக்காலத்தைவிட கடனோட ஆயுள் அதிகம்.

அப்ப ஸ்டேடியம்தான் ஊரைக் கவுத்துச்சா?

இல்ல. இதை நேர்மையா சொல்லணும். 2017-ல் ஹார்ட்ஃபோர்டு திவால் மனு போடலாமான்னு யோசிக்கிற அளவுக்குப் போச்சு. ரேட்டிங் ஏஜென்சிகள் அதோட பாண்டை ஜங்க்குன்னு இறக்கினாங்க. 2018-ல் கனெக்டிகட் மாநிலம் நகரத்தோட சுமார் 55 கோடி டாலர் கடனைத் தானே கட்டுறதா ஏத்துக்கிச்சு, அதனால பாண்டு வாங்கினவங்க தப்பிச்சாங்க. 55 கோடிக்குப் பக்கத்துல ஸ்டேடியத்தோட 7 கோடியை வெச்சுப் பாருங்க. ஊரைக் கீழ இறக்கினது பல வருஷமா சேர்ந்த பழைய கடன், பென்ஷன், வரி போட முடியாத பாதி ஊர். வருஷத் துண்டை மக்கள்தொகையால வகுத்தா ஆளுக்கு 28 டாலர். உயிர் போற தொகை கிடையாது.

ஆனா கஷ்டத்துல இருக்கிற குடும்பம் கார் லோன் எடுத்தா நாம என்ன சொல்லுவோம்? “கார்னால நொடிச்சாங்க”ன்னு சொல்ல மாட்டோம். “அந்த நேரத்துல காரா?”ன்னு கேப்போம். அதே கேள்விதான் இங்கயும்.

ஸ்டேடியத்துக்கு ஆதரவா பேசறவங்க பக்கமும் விஷயம் இருக்கு. 2018, 2019 ரெண்டு வருஷமும் 4 லட்சத்துக்கு மேல ஆட்கள் வந்தாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல ஆளே இல்லாம கிடந்த டவுன்டவுனுக்கு சுத்துப்பட்டு ஊர்க்காரங்க குழந்தைங்களோட வர்றாங்க. 1997-ல் வேலர்ஸ்ங்கிற ஐஸ் ஹாக்கி டீம் ஊரை விட்டுப் போனது அந்த மக்களுக்கு இன்னும் ஆறாத காயம். யார்டு கோட்ஸ் போட்டிருக்கிற நீலமும் பச்சையும் அந்தப் பழைய டீமோட நிறம்தான். அதுக்கெல்லாம் எக்செல்ல காலம் கிடையாது, எனக்குத் தெரியும்.

பொருளாதார ஆய்வுகள் பொதுவா ஸ்டேடியத்துக்கு எதிராத்தான் இருக்கு. 1997-ல் ராஜர் நோல், ஆண்ட்ரூ ஜிம்பலிஸ்ட் தொகுத்த புத்தகத்துலேர்ந்து திரும்பத் திரும்ப வர்ற முடிவு: ஜனங்க கையில இருக்கிற பொழுதுபோக்கு பட்ஜெட் அதேதான், சினிமாவுக்கோ ஹோட்டலுக்கோ போக வேண்டியது இங்க வருது, புதுப் பணம் கொஞ்சம்தான். நியூ பிரிட்டன்லேர்ந்து 15 கிலோமீட்டர் தள்ளி வந்த டீம் அந்த வட்டாரத்துக்கு எவ்வளவு புதுப் பணம் கொண்டு வந்திருக்கும்னு நீங்களே யோசிங்க. மைனர் லீக்ல நிலைமை கொஞ்சம் வேறன்னு சொல்ற ஆய்வும் உண்டு. நோலா அகா 2013-ல் வெளியிட்டதுல, சில நிலை டீம்களும் மைதானங்களும் இருக்கிற இடத்துல தனிநபர் வருமானம் சற்று கூடியிருக்குன்னு வந்தது. செலவு குறைவா இருந்தா இந்த வாதம் நிக்கும். 2018-ல் பக்கத்து மாநிலத்து வூஸ்டர் நகரம் இதே மாதிரி ஒரு டீமைக் கூப்பிட்டு, சுத்தி வர்ற கட்டட வரியில கடனை அடைக்கிறதா சொல்லி ஆரம்பிச்சது. 2021-ல் திறக்கும்போது ஸ்டேடியம் செலவு சுமார் 16 கோடி டாலர்ல வந்து நின்னது.

அமெரிக்காவுல இருக்கிற நம்ம வாசகர்களுக்கு

உங்க டவுன்லயும் என்னிக்காவது இப்படி ஒரு பேச்சு வரலாம். பேஸ்பாலா இருக்கலாம், சாக்கராவும் இருக்கலாம். டவுன் கவுன்சில் கூட்டத்துல பொதுமக்கள் பேச நேரம் குடுப்பாங்க, போங்க. “இது ஊருக்கு நல்லதா?”ன்னு கேக்காதீங்க, அதுக்கு எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க. செலவு கூடினா யார் கட்டணும்ங்கிற பக்கம் எந்தப் பக்கம்னு கேளுங்க. சுத்தி கட்டடம் வரலைன்னா எந்தக் கணக்குலேர்ந்து பாண்டுக்குப் பணம் போகும்னு கேளுங்க. ஹாட்டாக் வரி யாருக்குப் போகுதுன்னு கேட்டா சிரிப்பாங்க, பரவாயில்ல, கேளுங்க.

என் நண்பனுக்கு இந்த எக்செல் ஷீட்டை அனுப்பினேன். ரெண்டு நாள் கழிச்சு போன் பண்ணான். ஸ்டேடியத்துக்குப் பக்கத்துலயே ஒரு காண்டோ பார்த்துட்டு இருக்கானாம், ஆபீசுக்கு நடந்தே போயிடலாம்னு. என்கிட்ட இதுவரைக்கும் சொல்லவே இல்ல.

“வாங்கினா நீயும் ஹார்ட்ஃபோர்டுக்காரன் ஆயிடுவ, தெரியுமில்ல?”ன்னேன்.

“மில் ரேட் குறைஞ்சு இப்ப 68.95-டா. வீட்டுக்கு மதிப்பீடும் கடையைவிடக் கம்மி.”

எல்லாம் படிச்சு வெச்சிருக்கான். வருஷ வரியை மாசமா பிரிச்சு ஈ.எம்.ஐ.யோட சேர்த்துப் போடச் சொன்னேன். போட்டு அனுப்பறேன்னான், இன்னும் வரல. வந்ததும் அவன் சம்மதிச்சா அந்தக் கணக்கை அடுத்த வீடியோல போடறேன்.